தேங்காயை எறியாமல் குதித்தவளுக்கு

என் செல்லத் தங்கச்சி மலருக்கு,

நீ போய் ஆறு மாதம். காலையில் சேலைக் கொசுவத்தைப் பிடித்துவிட ஆளில்லை. சல்லிப் பள்ளிக்கூடத்துக்குப் போகிற பஸ்சில் யன்னல் பக்கம் எனக்குத்தான், சண்டையே இல்லை. அம்மாவும் அப்பாவும் போன பிறகு நாங்கள் இரண்டு பேர்தானே இருந்தோம். இப்போது வீட்டில் என் குரலையே நான் கேட்காத நாளும் உண்டு.

அதிபர் உன் மூன்றாம் வகுப்பை என்னிடமே தந்துவிட்டார். கடலில் தாழுகிறவர்களைக் காப்பாற்ற நீ தொடங்கின தண்ணீர்ப் பாடத்தை மட்டும் நான் தள்ளிக்கொண்டே வந்தேன். சனத்துக்கும் அது தேவையாய்ப் படவில்லை. "எங்கட பிள்ளையளுக்குக் கடலைப் படிப்பிக்கிறதோ ரீச்சர்?" என்று உன்னிடம் சிரித்தவர்கள்தானே. பெடியன்கள் தாங்களாகவே நீந்திப் பழகுவார்கள். கருவாடு காயப்போடுகிற பெண்பிள்ளைகளுக்கு ஆர் பழக்கியது? அதைக் கேட்டவள் நீ ஒருத்திதான்.

நேற்று மனதைக் கல்லாக்கிக்கொண்டு, உன்னைப் போலவே மட்டை உரிக்காத இரண்டு காய்ந்த தேங்காயைக் கயிற்றில் கட்டி எடுத்துப் பிள்ளைகளைக் கரைக்குக் கூட்டிப்போனேன். "ஆராவது தாழுறதைக் கண்டா குதிக்கக் கூடாது. கத்துங்கோ. இதை எறியுங்கோ, பிடிச்சு மிதக்கலாம்." எல்லாம் உன் வார்த்தைகள்தான்.

"அப்ப சின்ன ரீச்சர் ஏன் குதிச்சவ?" என்று ஒருத்தி கேட்டாள்.

ஏனடி குதித்தாய்? அன்றும் பாடத்துக்குக் கொண்டுபோன தேங்காய் உன் காலடியில்தானே கிடந்தது? அலை இழுத்த உன் வகுப்புப் பிள்ளை ராசாத்தியைத் தோணிக்காரர் கயிறு எறிந்து எடுத்தார்கள். சேலை காலில் சுற்றின உன்னைத்தான் உயிரோடு எடுக்க ஏலாமல் போனது. ஊர் உன்னைத் தெய்வம் என்கிறது. எனக்கோ உன்மேல் கோபம் கோபமாய் வருகிறது.

"சின்ன ரீச்சர் செய்தது பிழை" என்றேன்.

பின்னால் நின்ற ராசாத்தி முன்னுக்கு வந்தாள். "அப்ப என்னை விட்டிருக்க வேணுமோ ரீச்சர்?"

அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். "இல்லை மகள். தேங்காயை எறிஞ்சிருந்தா நீயும் இருப்பாய், அவவும் இருப்பா."

அழுது முடித்துவிட்டுத் தானே தேங்காயைத் தூக்கி எறிந்தாள். கிட்டத்திலேயே விழுந்தது. இழுத்தெடுத்துத் திரும்பவும் எறிந்தாள்.

ஒவ்வொரு வருஷமும் புதுப் பிள்ளைகளுக்கு உன் பேரைச் சொல்லி, உன் பிழையையும் சொல்லுவேன், மலர். கோபிக்காதே. உன்னைப் பற்றிக் கதைக்க எனக்கு வேறு ஆருமில்லை.

உன்னோடு இன்னும் சண்டை தீராத
அக்கா