சிவப்பு மருந்தும் சுண்ணாம்புச் சத்தும்

கே.கே. நகர், மதுரை
14.9.1986

அன்புத் தம்பி காசிமாயனுக்கு,

அக்கா எழுதுகிறேன். போன முறை பிலாயிலிருந்து வந்திருந்தபோது, ஆஸ்பத்திரி வராந்தாவில் நீ கேட்டது நினைவிருக்கிறதா? “ஏக்கா, கட்டி மார்லதான இருக்கு? டாக்டரு எதுக்கு எந்நேரமும் இதயத்தப் பத்தியே கேக்குறாரு?” என்றாய். அன்று எனக்கும் பதில் தெரியவில்லை. இப்போது தெரியும்.

முதலில் நல்ல செய்தி. கட்டி பாதிக்கு மேல் சுருங்கிவிட்டது. தலையில் முடி இல்லை; பசி இருக்கிறது.

அடுத்தது, உன் கோபம். புற்றுக்கட்டிக்கு நரம்பில் ஏற்றிய சிவப்பு மருந்தை ஏன் பாதியில் நிறுத்தினார்கள், மெட்ராசுக்கு வா, மிச்சத்தையும் ஏற்றிவிடலாம், டிக்கெட் எடுத்துவிட்டேன் என்று எழுதியிருக்கிறாய். தம்பி, நிறுத்தக் காரணம் நான்தான். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. அதைச் சொல்ல வாயெடுத்தபோது உன் மனைவி ஒச்சாயி என் தொடையைக் கிள்ளினாள். “மதினி, சும்மா இருங்க. சொன்னா மருந்த நிறுத்திருவாக” என்று காதில் முணுமுணுத்தாள். நான் சொல்லிவிட்டேன். படம் எடுத்துப் பார்த்தார்கள். இதயம் களைத்திருந்தது.

டாக்டரிடம் காரணம் கேட்டேன். “இன்னும் முழுசாத் தெரியல டீச்சர், ஆராய்ச்சி நடக்குது” என்று சொல்லிவிட்டுப் பொறுமையாக விளக்கினார். நம் வாடிப்பட்டித் தோட்டத்துக் கிணற்று மேட்டில் தண்ணீர்த் தொட்டி இருக்கிறதே, அதை நினைத்துக்கொள். இதயத்தின் ஒவ்வொரு உயிரணுவுக்குள்ளும் அப்படி ஒரு தொட்டி உண்டு. அதில் இருப்பது சுண்ணாம்புச் சத்து. தொட்டியின் கதவு திறந்து சத்து வெளியே பாய்ந்தால் தசை சுருங்கும். உடனே ஒரு மோட்டார் அதைத் தொட்டிக்குத் திரும்ப ஏற்றிவிடும், தசை தளரும். இதுதான் ஒரு துடிப்பு. சிவப்பு மருந்து கட்டியை அடிக்கிற அதே வேகத்தில் இந்தக் கதவையும் தேய்த்துவிடுகிறதாம். கதவு ஒழுகுகிறது, மோட்டாரும் ஓய்ந்துபோகிறது. வயலில் எந்நேரமும் தண்ணீர் நின்றால் பயிர் என்னாகும்? தசையும் அப்படித்தான். முழுசாகத் தளரவும் முடியாது, வலுவாகச் சுருங்கவும் முடியாது.

இதில் சிரிப்பு என்னவென்றால், பக்கத்தில் நின்ற ஒச்சாயி காதில் ‘சுண்ணாம்புச் சத்து’ மட்டும்தான் விழுந்திருக்கிறது. மதினிக்கு அது குறைந்துவிட்டது என்று முடிவு கட்டிவிட்டாள். வாடிப்பட்டியிலிருந்து பஸ் ஏறி, தூக்குவாளி நிறைய ஆட்டுக்கால் சூப்போடு வந்துவிட்டாள். வெற்றிலையில் சுண்ணாம்பைச் சுவருக்குப் பூசுவதுபோல் பூசி நீட்டினாள். மருந்தில் ஏற்கெனவே வெந்து கிடந்த வாய், வேண்டாம் என்று விட்டேன். சூப்பை மட்டும் அவள் முகத்துக்காகக் குடித்தேன். உப்பு சேர்ந்து கால் வீங்கிவிட்டது. டாக்டர் என்னைத்தான் வைதார். “தொட்டில தண்ணி பத்தலைன்னு யாரும்மா சொன்னா? கதவுதான் பழுது” என்று நான் சொன்னதும் அவள், “அம்புட்டு எலும்பையும் உடைச்சு வேகவச்சேனே மதினி!” என்று தலையில் அடித்துக்கொண்டாள். அவளைத் திட்டி எழுதிவிடாதே. உப்பில்லாத கஞ்சியோடு இன்றும் வந்திருக்கிறாள்.

சிவப்பு மருந்து உடம்பில் சேரச் சேர இதயத்துக்கு ஆபத்து கூடும். மெட்ராசில் ஏற்றினாலும் அதே மருந்துதான், அதே இதயம்தான். வேறு மருந்து அடுத்த மாதம் இங்கேயே தொடங்குகிறது. தேய்ந்த கதவு பழையபடி ஆகுமா என்று டாக்டர் உறுதி சொல்லவில்லை. நானும் வற்புறுத்திக் கேட்கவில்லை. நீ பயத்தில்தான் கோபப்படுகிறாய் என்று எனக்குத் தெரியும். நான் பயப்படவில்லை. நேற்றுப் படிக்கட்டு ஏறும்போது மூச்சு வாங்க ஒரே இடத்தில்தான் நின்றேன்.

பிள்ளைகளோடு நீ நன்றாக இருக்க வேண்டும். தைப் பொங்கலுக்கு எல்லோரும் வாருங்கள், நான் வாசலில் நிற்பேன்.

இதைப் படித்து முடித்ததும் மணிக்கட்டில் விரலை வைத்துப் பார். ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே சின்ன இடைவெளி இருக்கும். அதற்குள்தான் மோட்டார் தன் வேலையைச் செய்கிறது. எனக்கு இப்போது வேண்டியது அந்த இடைவெளிதான். அது பிடிபடும்வரை விரலை எடுக்காதே. பிடிபட்டதும் போய் அந்த மெட்ராஸ் டிக்கெட்டை ரத்து செய்.

உன் அக்கா,
ராமக்காள்