முதுகில் வந்த நோயின் சொந்த ஊர்

இன்று காலை லண்டன் கிங்ஸ்பரி சுற்றுவட்டத்துக்குப் பக்கத்தில் பஸ்ஸுக்காக நின்றேன். எல் போட் மாட்டிய கார் ஒன்று வட்டத்துக்குள் ஏறும் இடத்தில் நின்றுபோனது. ஓட்டிய பெண் பதறிப்போய் அக்சிலேட்டரை மிதிக்க, பின்னால் நின்ற வான்காரன் ஹோர்ன் அடிக்க, கிளச் கருகும் மணம் நடைபாதை வரைக்கும் வந்தது. அந்த மணம் மூக்கில் ஏறியதும், அண்ணை, நீங்கள் வந்து என் பக்கத்தில் நின்றுவிட்டீர்கள்.

ஐம்பது வயதுக்குப் பிறகு கார் பழக வந்தவன் நான். உங்கள் காரில் எத்தனை தரம் அந்த மணத்தைக் கிளப்பியிருப்பேன்! நீங்கள் யன்னலை மெதுவாக இறக்கிவிட்டுச் சொல்வீர்கள்: "மாஸ்டர், பள்ளிக்கூடத்திலை தவளையை வெட்டினது காணும். என்ரை கிளச்சையும் வெட்டாதேங்கோ." பிறகு குரலை மாற்றி, "மணம் வந்தாப் பிறகு காலை எடுத்துப் பிரியோசனமில்லை. மணம் வர முதலே காலுக்குத் தெரியவேணும்" என்பீர்கள். ஊரிலும் லண்டனிலும் வாழ்நாள் முழுக்க விஞ்ஞானம் படிப்பித்த நான், வகுப்பில் அப்படி ஒரு வசனம் சொன்னதாக நினைவில்லை.

இந்தப் பக்கத்தில் உங்களிடம் கார் பழகாத தமிழ்க் குடும்பம் குறைவு. ஆருக்குக் கல்யாணம் பேசுகிறார்கள், ஆர் வீடு மாறுகிறார்கள் எல்லாம் உங்கள் முன்சீற்றுக்கு வந்துதான் மற்ற இடங்களுக்குப் போகும். அதனால்தான் உங்களுக்கு வந்தது ஒருவருக்கும் தெரியக்கூடாது என்று அவ்வளவு பிடிவாதமாக நின்றீர்களோ என்று அப்போது நினைத்தேன்.

என்னிடம் சொன்னது ஒரு மரக்கறிக் கடை வாசலில். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

"மாஸ்டர், ஆம்பிளையளுக்கும் அது வருமோ?"

"எது அண்ணை?"

"அதுதான்." கையை நெஞ்சுக்கு நேரே கொண்டுபோய், தொடாமலே எடுத்தீர்கள்.

வரும் என்றேன். குறைவாகத்தான் வரும், ஆனால் வரும். ஆண்களுக்கும் அந்த இடத்தில் கொஞ்சம் மார்பகத் திசு இருக்கிறது, திசு இருக்கும் இடத்தில் நோயும் வரலாம் என்று, பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னேன். முன்கண்ணாடி வழியே தெருவைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தீர்கள். "அப்ப எனக்கு வந்திட்டுது" என்றீர்கள்.

ஹொஸ்பிற்றலில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவரை ஒழுங்கு செய்து தருவதாகச் சொன்னார்களாம். அதைச் சொல்லும்போதே உங்களுக்கு வியர்த்தது. "லண்டனிலை தமிழ் இன்ரப்பிரட்டர் எண்டால் ஒண்டில் என்னட்டைக் கார் பழகினவராய் இருப்பார், இல்லாட்டில் என்ரை மனிசிக்குச் சொந்தமாய் இருப்பார். நீங்கள் வாங்கோ மாஸ்டர்." அப்படித்தான் நான் உங்களோடு வரத் தொடங்கினேன்.

முதல் நாள் அந்தக் காத்திருக்கும் அறையை மறக்கமாட்டேன். சுற்றிவரப் பெண்கள். வரவேற்பில் இருந்தவள் அன்பாகத்தான் கேட்டாள், மனைவிக்காகக் காத்திருக்கிறீர்களா என்று. நீங்கள் "யெஸ்" என்றுவிட்டீர்கள். பிறகு தாதி உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோது எழும்பவும் முடியாமல், இருக்கவும் முடியாமல், என் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழும்பினீர்கள்.

ஒப்பரேஷன் முடிந்தது. ஊருக்கெல்லாம் கொழுப்புக் கட்டி என்று சொன்னீர்கள். கீமோவில் முடி கொட்டத் தொடங்கியதும், கோயிலுக்கு நேர்த்தி என்று மொட்டை அடித்துக்கொண்டு வந்து நின்றீர்கள். சனம் அதை நம்பியது மட்டுமல்ல, மெச்சவும் செய்தது. "அண்ணைக்கு இவ்வளவு பக்தி எண்டு தெரியாமல் போச்சே" என்று ஒருவர் என்னிடமே சொன்னார். உங்களிடம் வந்து சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். அந்தக் காலம் முழுக்க நீங்கள் அப்படிச் சிரித்தது அந்த ஒருமுறைதான்.

இரத்தமும் சோதித்தார்கள். தலைமுறையாக வரக்கூடிய ஒரு மரபணுக் கோளாறு உங்களுக்கு இருந்தது. அதை விளங்கப்படுத்திய பெண் பொறுமைசாலி. மகளுக்கும் அது போயிருக்கச் சரிபாதி வாய்ப்பு, அவளிடம் சொல்லுங்கள், அவளும் சோதித்துப் பார்க்கலாம் என்றாள். "சொல்லுறன்" என்றீர்கள். வெளியில் வந்து, "இப்ப சம்பந்தம் பேசிற நேரம் மாஸ்டர். பேந்து சொல்லுவம்" என்றீர்கள். கல்யாணம் முடிந்தது. "மாப்பிள்ளை வீடு பழகட்டும், பேந்து." பேத்தி வயிற்றில் வந்தாள். "பிள்ளை பிறக்கட்டும், பேந்து." நான் கேட்கிறபோதெல்லாம், பிறகு என்கிற அந்த ஒரு சொல்தான். எங்களிடமும் வாக்கு வாங்கிக்கொண்டீர்கள், உங்கள் மனைவி அக்காவிடமும் என்னிடமும்: மகளுக்கு நீங்களேதான் சொல்வீர்கள்.

பிறகு சில வருடம் நல்லாகத்தான் போனது. நோய் திரும்பாமலிருக்கத் தந்த குளிசையைப் பிறஷர்க் குளிசை என்ற பெயரில் விழுங்கிக்கொண்டு திரிந்தீர்கள். முதுகு நோகத் தொடங்கியபோது கார்ச் சீற்றில் குற்றம் கண்டீர்கள். ஒரு குஷன் வைத்தீர்கள், பிறகு இரண்டாக்கினீர்கள், சீற்றையே மாற்றினீர்கள். கடைசியில் ஸ்கான் எடுத்தபோது முள்ளந்தண்டில் மூன்று இடத்தில் தெரிந்தது. அதில் ஒரு துணுக்கு எடுத்துப் பயோப்சி செய்தார்கள். மார்பகப் புற்றுநோய்தான் திரும்பியிருக்கிறது என்றார் டொக்டர்.

காருக்குள் ஏறியதும் கோபப்பட்டீர்கள். "முதுகிலை எல்லோ கிடக்கு. பேந்தேன் அந்தப் பேரைச் சொல்லுறார்? எலும்பிலை வந்தால் எலும்புக் கான்சர்தானே?"

"அண்ணை, நீங்கள் எத்தினை வருஷமாய்க் கிங்ஸ்பரியிலை இருக்கிறியள்? புதுசா ஒரு தமிழாளைக் கண்டால் அவர் முதல் என்ன கேட்பார்?"

"ஊரிலை எவடம் எண்டு."

"கிங்ஸ்பரி எண்டால் விடுவாரோ?"

"விடார். அப்பா அம்மாவின்ரை ஊர் வரைக்கும் போவார்."

"டொக்டரும் அதைத்தான் செய்தவர். முதுகிலை பிடிச்ச கலத்திட்டை, அதுதான் அந்த 'செல்'லிட்டை, ஊரிலை எவடம் எண்டு கேட்டிருக்கிறார். அது தன்ரை ஊரைச் சொல்லிப்போட்டுது. வீடு மாறினாலும் அதின்ரை குணம் மாறேல்லை. அந்தக் குணத்துக்குத்தான் மருந்து குடுக்கவேணும், இருக்கிற இடத்துக்கில்லை."

சீற் பெல்ற்றை இழுத்துப் போட்டீர்கள். பிறகு, "வெட்டி எடுத்தாச்சு, கீமோவும் தந்தாச்சு. பேந்து எங்கை ஒளிச்சிருந்தது?" என்றீர்கள்.

உங்கள் தொழிலிலேயே உதாரணம் இருந்தது. வேகக் கமெரா ஓடுகிற காரைத்தான் பிடிக்கும். கீமோவும் பெரும்பாலும் அப்படித்தான், விறுவிறுவென்று பெருகுகிற கலங்களைப் பிடிக்கும். முதலிலேயே இரண்டொரு கலம் கட்டியை விட்டு வெளிக்கிட்டு, இரத்தத்தோடு போய், ஏதோ ஒரு சின்னத் தெருவில் எஞ்சினை நிற்பாட்டி, லைற்றை அணைத்துவிட்டுக் கிடந்தால் கமெராவுக்குத் தெரியாது. வருடக்கணக்காகக் கிடக்கும். ஒருநாள் எதனாலோ திரும்ப ஸ்ராட் ஆகும்.

"அப்ப ட்ரபிக் வோடன் ஒருத்தரும் இல்லையோ மாஸ்டர்? எனக்கெண்டால் ரண்டு நிமிஷத்திலை ரிக்கற் ஒட்டுவாங்கள்."

"அந்த வோடனைத்தான் ஆராய்ச்சிக்காரர் தேடுகினம். நிக்கிற காரைக் கண்டுபிடிக்கிறது எப்பிடி, ஏன் திரும்ப ஸ்ராட் ஆகுது எண்டு."

அடுத்த முறை போனபோது, பயோப்சியில் மிஞ்சிய துண்டை அந்த ஆராய்ச்சிக்கு எடுக்கலாமா என்று கேட்டார்கள். என்னைப் பார்த்தீர்கள். "பேர் போடமாட்டினமெல்லோ?" போடமாட்டார்கள் என்றேன். "அப்ப எடுக்கட்டும்." முகம் தெரியாத ஆராய்ச்சிக்காரருக்கு உங்கள் நோயின் ஊர் தெரியும். வால்தம்ஸ்டோவில் இருக்கும் உங்கள் மகளுக்குத் தெரியாது. அவளுக்கும் மற்ற எல்லாருக்கும் நீங்கள் சொன்னது, "எலும்பிலை வந்திட்டுது." ஆளைக் கண்டதும் ஊர் கேட்கிற சனம் எங்கள் சனம். உங்கள் நோயிடம் மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

அழிக்க ஏலாது, அடக்கி வைக்கலாம் என்றார் டொக்டர். அடக்கி வைத்தார்கள். கதிர்வீச்சு வைத்தார்கள், ஊசி போட்டார்கள், குளிசையை மாற்றினார்கள். நோ குறைந்த நாட்களில் என்னைக் கூட்டிக்கொண்டு வெம்பிளிப் பக்கம் ஓடிவிட்டு வருவீர்கள். பிறகு அதுவும் நின்றது. கடைசிக் கிழமையில், மகள் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கும்போது, அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தீர்கள். வாய் திறந்தது. "தண்ணி" என்றீர்கள்.

போன மாதம் உங்கள் ஆண்டுத் திவசம். சாப்பாடு முடிந்து சனம் போனபின், மகள் மிஞ்சிய கறிகளைப் பெட்டிகளில் போட்டுக்கொண்டே கதைத்தாள்.

"அங்கிள், ஜி.பி. டொக்டரிட்டை செக்கப்புக்குப் போனனான். குடும்பத்திலை ஆருக்கும் கான்சர் இருந்ததோ எண்டு கேட்டவா. அப்பாக்கு எலும்பிலை, போன் கான்சர் எண்டன். அப்ப உங்களுக்கு விசேஷமா ஒரு ரெஸ்டும் தேவையில்லை எண்டிட்டா. எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமே?"

அந்த நிம்மதியைப் பார்த்துக்கொண்டு என்னால் இருக்க முடியவில்லை, அண்ணை. எழும்பிக் குசினிக்குப் போனேன். அக்கா பெரிய சட்டியைத் தேய்த்துக்கொண்டு நின்றார்.

"அக்கா, பிள்ளைக்குச் சொல்லவேணும்."

என்ன என்று கேட்கவில்லை. "அவர் எங்களிட்டை வாக்கு வாங்கினவர் மாஸ்டர்."

"ஓம், வாங்கினவர். தான் சொல்லுவன் எண்டுதான் வாங்கினவர். இனி அவராலை சொல்ல ஏலாது. பிள்ளை எலும்பு எண்டு சொல்ல, அங்கை அதை நம்பி விட்டிட்டினம்."

சட்டியில் தண்ணீர் நிரம்பி வழிந்தது. அக்கா பைப்பை மூடினார்.

"அவர் வெட்கத்திலை மறைச்சவர் எண்டுதானே நினைக்கிறியள்?"

"ஓம்."

"வெட்கம் மொட்டை அடிச்ச நாளோடை போட்டுது. பேந்து இருந்தது பயம். 'என்ரை இரத்தத்திலை இருந்துதானே அவளுக்குப் போயிருக்கும், என்ரை பிள்ளைக்கு நானே இதைக் குடுத்தனான் எண்டு அவளுக்கு எந்த வாயாலை சொல்லுவன்' எண்டு கேட்பார். நான் என்ன சொல்லுறது? நானும் பேசாமல் இருந்திட்டன்."

இத்தனை வருடம் உங்களோடு அந்த அறைகளில் இருந்த எனக்கு இது தெரியாது. கலத்தின் ஊரைக் கேட்கத் தெரிந்த நான் உங்கள் மௌனத்தின் ஊரைக் கேட்கவில்லை.

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு, "பிள்ளை, இஞ்சை ஒருக்கா வா" என்று கூப்பிட்டார். "அப்பாவுக்கு எலும்பிலை தொடங்கினதில்லை" என்றார். அதற்குமேல் அவரால் முடியவில்லை. மிச்சத்தை, அந்த மரபணுவையும் சேர்த்து, நான் சொன்னேன். உங்களுக்குச் சொன்ன அதே ஊர் உதாரணத்தைத்தான் சொன்னேன். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு 'ஊரிலை எவடம்' என்ற அந்தக் கேள்வி எரிச்சல். "நான் வெம்பிளியிலை பிறந்தனான்" என்று முகத்தைத் திருப்புவாளே, அந்தப் பிள்ளை. இந்த முறை முகத்தைத் திருப்பவில்லை.

"அப்ப அப்பாக்கு பிரெஸ்ட் கான்சர்."

உங்கள் வீட்டுக்குள் அந்தச் சொல்லை முழுதாகச் சொன்ன முதல் ஆள் அவள்தான்.

அவள் தன்னைப் பற்றிக் கேட்பாள் என்று காத்திருந்தேன். பதிலெல்லாம் தயாராக வைத்திருந்தேன். அவள் கேட்டது வேறு. "அந்தப் பிரெஸ்ட் கிளினிக் வெயிற்றிங் ரூமிலை அப்பா எப்பிடி அங்கிள் இருந்தவர்? அவ்வளவு பொம்பிளையளுக்கும் நடுவிலை?" நான் பதில் சொல்லும் முன்பே அழத் தொடங்கிவிட்டாள். "நான் பக்கத்திலை இருந்திருப்பன். எனக்காக வந்தவர் எண்டு எல்லாரும் நினைச்சிருப்பினம். அவருக்குச் சுகமாய் இருந்திருக்கும்."

அண்ணை, நீங்கள் பயந்தது இந்தப் பிள்ளைக்குத்தானா?

ஜி.பி.யிடம் திரும்பப் போனாள். இந்தமுறை சரியாகச் சொன்னாள். அவர்கள் மரபணுப் பிரிவுக்கு அனுப்பினார்கள், போன கிழமை இரத்தம் எடுத்தார்கள். முடிவு வரவில்லை. இல்லை என்று வந்தால் நல்லது. இருக்கிறது என்று வந்தாலும், இளவயதிலிருந்தே ஒழுங்காக ஸ்கான் எடுத்துப் பார்க்கலாம், வேறு வழிகளும் இருக்கின்றன என்று நான் அவளுக்குச் சொல்லியிருக்கிறேன். சொன்னதை நானே முழுதாக நம்புகிறேனா என்று சில நேரம் தெரியவில்லை. முடிவு சொல்கிற நாளில் வரச்சொல்லிக் கேட்டிருக்கிறாள். "அப்பாவோடை போனனீங்கள்தானே" என்றாள். போவேன்.

இரத்தம் கொடுத்துவிட்டு வரும் வழியில் இன்னொன்றும் கேட்டாள். அவளுடைய மகள், உங்கள் பேத்தி, பின்சீற்றில் நித்திரை. அவளைக் கண்ணாடியில் பார்த்தபடி, "எனக்கு இருக்குதெண்டு வந்தால், இவளுக்கு நான் எந்த வயசிலை சொல்லவேணும் அங்கிள்?" என்றாள்.

எதைக் கேட்டாலும் ஒரு உதாரணம் வைத்திருந்தவன் நான். இந்த முறை, "யோசிச்சுச் சொல்லுறன்" என்றேன். அன்றிலிருந்து அந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டுதான் திரிகிறேன், இன்று காலை பஸ் தரிப்பிடத்திலும். நல்ல பதில் ஒன்று கிடைக்குமோ தெரியாது. கிடைக்காவிட்டாலும் அவளோடு இருந்து அதைக் கதைப்பேன். பேந்து என்று மட்டும் அவளுக்குச் சொல்லமாட்டேன், அண்ணை.