மஞ்சள் தாள் என்று நீங்கள் சொன்ன அந்த வெள்ளைத் தாள்

நங்கையா,

நேற்று ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. வெள்ளைவெளேரென்று கெட்டித் தாள், ஓரத்தில் தங்கக் கோடு. இப்போது இதுதான் நாகரிகமாம். பிரித்த கை அப்படியே நின்றுவிட்டது. உங்கள் மருமகள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, யாருக்கு என்ன ஆயிற்று அத்தை என்று ஓடி வந்தாள். ஒன்றுமில்லை போ என்று விரட்டிவிட்டேன். அவளிடம் எங்கிருந்து ஆரம்பிப்பது?

புருஷன் வீடு சரிப்படாமல் நான் அண்ணன் வீட்டுக்கே திரும்பி வந்தபோது, அண்ணன் மனைவியான நீங்கள் முகம் சுளிக்கவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு உட்காராதே, எழுத்துக் கோக்கப் பழகு என்று அச்சகத்துக்கு இழுத்துப் போனீர்கள். மல்லசமுத்திரம் ஊரே அதை ஒரு மாதம் வாய் ஓயாமல் பேசியது. ஈய எழுத்து கோப்பது நான், காலால் மிதித்து மெஷின் ஓட்டுவது நீங்கள், வேலை பிடித்து வருவது அண்ணன்.

தாள் விஷயத்தில் நீங்கள் வைத்ததுதான் சட்டம். கட்டைப் பிரித்ததும் ஒரு தாளைக் கன்னத்தில் ஒட்டிப் பார்ப்பீர்கள். ஈரம் தட்டினால் அந்தக் கட்டு இரண்டு நாள் பரணில் காய வேண்டியதுதான். ஈரத் தாள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ரெண்டு ரெண்டாகப் போகும் என்பீர்கள். பத்திரிகைத் தாளை நெடுக்கிலும் குறுக்கிலும் வளைத்து, எந்தப் பக்கம் முரண்டு பிடிக்காமல் வளைகிறதோ அந்தப் பக்கமே மடிப்பு வரும்படி வெட்டச் சொல்வீர்கள். மாற்றி மடித்தால் மடிப்பு வெடித்துவிடும். எனக்கு அதெல்லாம் கைவரவே இல்லை.

செவ்வாய்ப்பேட்டைத் தாள் கடையில் ஒவ்வொரு தடவையும் சண்டை. வெள்ளைத் தாள் கேட்டால் மஞ்சளாய்ப் பழுத்த தாளைத் தள்ளிவிடுகிறாயே என்று அந்த மனிதரைக் காய்ச்சி எடுப்பீர்கள். எனக்கோ தாள் பளிச்சென்று இருக்கும். விலையைக் குறைக்கத்தான் இப்படி அடித்துவிடுகிறீர்கள் என்று நினைத்து, பஸ்ஸில் ஊர் வரும்வரை உங்களைக் கேலி செய்து சிரிப்பேன். ஐயோ, சிரித்தேனே.

எமர்ஜென்சி முடிந்து ஓரிரண்டு வருடம் இருக்கும். பக்கத்து ஊர்க் கவுண்டர் ஒருவர் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை கொடுத்திருந்தார். எழுத்தைக் கோத்து, இரும்புச் சட்டத்தில் முடுக்கிக் கொடுத்துவிட்டு நான் நாமகிரிப்பேட்டையில் ஒரு கருமாதிக்குப் போய்விட்டேன். அண்ணனும் ஊரில் இல்லை. நீங்கள் தனியாக ஓட்டி, மடித்து, கட்டி வைத்துவிட்டீர்கள்.

மறுநாள் நானும் அண்ணனும் இருக்கும்போது கவுண்டர் வந்து கட்டைப் பிரித்தார். ஐந்நூறும் வெள்ளை. நம் பக்கத்தில் வெள்ளைத் தாளில் அடிப்பது கருமாதிப் பத்திரிகை மட்டும்தான் என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும். அந்த மனிதர் கத்தவில்லை.

"ஏனுங்க, எம்புள்ள கல்யாணத்துக்கா வெள்ளையில அடிச்சு வெச்சிருக்கறீங்க?"

நீங்கள் கையைத் துடைத்தபடி உள்ளேயிருந்து வந்தீர்கள். ஒரு பத்திரிகையை எடுத்து வெயிலில் பிடித்தீர்கள். முகத்தில் ஒரு கலக்கமும் இல்லை.

"நல்லாப் பாருங்க சாமி. மஞ்சத் தாளுதானுங்க இது."

விளையாடுகிறீர்கள் என்றே அண்ணன் நினைத்தார். நான் பரணிலிருந்து ஒரு மஞ்சள் தாளை எடுத்து, அந்த வெள்ளையோடு சேர்த்து உங்கள் முன்னால் நீட்டி, இதில் எது மஞ்சள் என்று கேட்டேன். ரெண்டும்தான் என்றீர்கள். கவுண்டர் துண்டை உதறிப் போட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"நாலு வருசமா எல்லாத் தாளும் பழுத்துத்தான் வருது. மில்லுக்காரன் அப்படிப் போடறானாக்கும்னு இருந்தேன்," என்றீர்கள், குழந்தை மாதிரி.

அப்புறம் ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு வாங்கினோம். ஒரு வருடமாகக் கண்ணில் புகைமூட்டம். மெஷினின் இரண்டு தகடும் திறந்து மூடும் சத்தத்தை எண்ணித்தான் நடுவில் கையை விட்டுத் தாளை வைத்து எடுத்தீர்களாம். ஒரு எண்ணிக்கை தப்பியிருந்தால்? நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். நீங்கள் இனி மிதிக்கக் கூடாதென்று அண்ணன் மெஷினின் மிதிகட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

கவுண்டர்தான் முதலில் பேசினார். பத்திரிகை இரண்டு நாள் கழித்து வந்தாலும் பரவாயில்லை, முதலில் கண்ணைக் காட்டுங்கள் என்றார். மிதிகட்டையைத் திரும்ப மாட்டச் சொல்லி, மஞ்சளில் நான் மறுபடி அடித்துக் கொடுத்தேன். முதல் தடவையாக மெஷினில் கை வைத்தேன். பயத்தில் பாதித் தாள் கோணல்.

பள்ளிக்கூடத்தில் நடந்த கண் முகாமில் உங்களுக்குப் புரை எடுத்தார்கள். சோடாபுட்டிக் கண்ணாடியோடு ஒரு காலையில் அச்சகத்துக்கு வந்தீர்கள். நான் மிதித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் கதவருகிலேயே நின்றுவிட்டீர்கள். தகடு வாய் பிளந்தது, கவ்வியது, பிளந்தது. உங்கள் வலது கையை இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டீர்கள்.

"அம்மிணி, இதுக்குள்ளயா நான் கைய உட்டுட்டு இருந்தேன்?"

அதன்பிறகு நீங்கள் அந்த மெஷின் பக்கம் வரவேயில்லை. தாளை மட்டும் பொறுக்கிக் கொடுப்பீர்கள், அதுவும் தள்ளி நின்று. மெஷினை விற்கும்வரை நான்தான் ஓட்டினேன். நீங்கள் போய்ச் சேர்ந்தும் வருடங்கள் ஆகிவிட்டன.

உங்களுக்கு நாலடி தள்ளி உட்கார்ந்து, கடுகளவு எழுத்தை இடவலம் மாற்றிப் படித்துப் பிழை பிடித்தவள் நான். ஒரே சட்டிச் சோறு தின்றோம். உங்கள் கண்ணில் வெள்ளை படர்ந்ததை மட்டும் நாலு வருடமும் நான் பார்க்கவில்லை. எப்படிப் பார்க்காமல் விட்டேன் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை, நங்கையா.