கண்டாக்குவின் பங்கு

இன்று காலை, ஊறவைத்த தேங்காய்ப் புண்ணாக்கு வாளியின் மூடியைத் திறந்தேன். அந்தப் புளித்த எண்ணெய் வாசனை தோட்டத்து லயத்தில் நம் வீட்டு வாசல் வரை வந்தது. நீ என்னை விட்டுப் போன இந்த எட்டு மாதத்தில் நான் முதன்முதலாகச் சிரித்தது அப்போதுதான். உன் களவு ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

நமக்கு இருப்பது இரண்டே தாய்ச் செம்மறிகள். குண்டானவளுக்குக் கண்டாக்கு என்று பேர் வைத்தாய். தேயிலை மலையில் கொழுந்து பறிக்கும் உங்களை மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கு ஐயா மாதிரியே நின்ற இடத்தில் நின்று எல்லோரையும் முறைப்பாளாம். மெலிந்தவள் ஈர்க்குச்சி.

கிடாவைச் சேர்ப்பதற்கு மூன்று வாரம் முன்பே தீனியைக் கூட்ட வேண்டும் என்று, கால்நடைப் பண்ணையில் வேலை பார்க்கும் பெருமையில் உனக்குப் பாடம் எடுத்தேன். சூலகத்தில் நிறைய முட்டைப்பைகள் வளரத் தொடங்கும், பெரும்பாலும் வாடிவிடும், ஒன்றுதான் முதிரும். அந்த நாட்களில் உடம்பில் சத்து ஏறினால் இன்னொன்றும் தப்பிக்கும் என்றேன். நீ கொழுந்துக் கூடையின் கயிற்றை முடிந்துகொண்டே கேட்டாய்.

“அப்ப சோறு பத்துனா பந்தியில இன்னொரு எல போடுவாங்க. அதானேங்க?”

அதேதான். கல்லூரியில் எங்களுக்கு இரண்டு நாள் நடத்திய பாடம்.

நான் பால்மா டின்னால் அளந்து இருவருக்கும் ஒரே அளவு வைப்பேன். என் பைக் வளைவு திரும்பியதும், காலையில் பேர் பதியும் பெரட்டுக்கு ஓடுவதற்குள், கண்டாக்குவின் பங்கில் பாதியை நீ ஈர்க்குச்சிக்குத் தள்ளியிருக்கிறாய். பிறகு ஸ்கேன் பார்த்தால் ஈர்க்குச்சிக்கு இரட்டை, கண்டாக்குவுக்கு ஒன்று. ஒரே தீனிக்கு எப்படி இரண்டு பலன் என்று நோட்டில் எழுதி எழுதி அடித்தேன். நீ பக்கத்திலேயே உட்கார்ந்து பென்சில் சீவித் தந்தாய். குட்டி போட்ட அன்றைக்குத்தான் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டாய்.

“கொழுத்தவளுக்கு எதுக்கு ஊட்டணும்? முதுகத் தடவிப் பாருங்க, யாருக்குப் பசின்னு தெரியும்.”

நான் படித்த புத்தகத்திலும் அதுதான் இருந்தது. கூடுதல் தீனி மெலிந்த ஆட்டுக்குத்தான் அதிகம் பலன் தரும். டின் கையில் வந்ததும் மறந்துபோனேன்.

காய்ச்சல் உன்னைக் கொண்டுபோன பிறகு பட்டிப் பக்கம் போகவே பிடிக்கவில்லை. புல்லை எறிந்துவிட்டுத் திரும்பிவிடுவேன். இரண்டையும் விற்றுவிடலாம் என்று ஹட்டனிலிருந்து ஆட்டு வியாபாரி நானாவை வரச் சொன்னேன். போன ஞாயிறு வந்தவர் ஈர்க்குச்சியின் முதுகில் கை வைத்துவிட்டு, எலும்புதான் தம்பி இருக்கு, மூணு கெழம தீனி போட்டு வைங்க என்று சொல்லிப் போனார்.

அதே மூன்று வாரம். விற்பதற்காகத்தான் இன்று வாளியைத் திறந்தேன். ஒரே அளவாக அளந்தும் வைத்தேன். ஆனால் கை தானாகப் போய் கண்டாக்குவின் பங்கில் பாதியை எடுத்தது. அவள் என்னை முறைத்தாள். உன்னையும் இப்படித்தான் முறைத்திருப்பாள்.

நானாவுக்குப் போன் போட்டு, விற்கவில்லை என்றேன். பண்ணையில் கிடா கேட்டுவிட்டேன்.

வட்டவளையிலிருந்து வந்திருந்த உன் அம்மா ரொட்டித் தட்டோடு வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆட்டு முதுகத் தடவுறீங்க. ஒங்க முதுக யாரு மாப்ள தடவிப் பாக்குறது?”

கண்டாக்குவைப் போல முறைத்துக்கொண்டு அத்தை நகரவே இல்லை. இரண்டு ரொட்டி தின்றேன். மூன்றாவதை நானே கேட்டு வாங்கினேன்.