வெறும் தண்ணீரிலும் கிருமி

புதன், இரவு

தீவின் கராச்சர்மா பகுதியிலிருந்து வந்த ஆறு வயதுப் பெண் குழந்தைக்கு மூளைக்காய்ச்சல். அவள் முதுகில் ஊசி குத்தி எடுத்த நீரை இன்று பிசிஆர் பரிசோதனையில் வைத்தேன். கிருமி இருப்பதாகக் காட்டியது. ஆனால் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வெறும் தண்ணீர் விட்டிருந்த குழாயும் அதையே காட்டியது. எங்கோ கலந்துவிட்டது, இனி அந்த முடிவை நம்ப முடியாது.

"டெஸ்ட் சரியா வரலண்ணே," என்று அவள் அப்பாவிடம் சொன்னேன்.

"மெயின்லேண்டுக்கு அனுப்பிப் பாக்கலாமா மேடம்?"

அனுப்ப ஒரு துளிகூட மிச்சமில்லை. மறுபடி ஊசி குத்தினால் தாங்க மாட்டாள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எந்தக் கிருமி என்று தெரியாமலே மருந்து ஏறிக்கொண்டிருக்கிறது.

"மிஷின் பண்ணதுக்கு நீங்க என்ன செய்வீங்க," என்று அவள் அப்பாவே எனக்கு ஆறுதல் சொன்னார்.

அவசரத்தில் நான் கையுறையை மாற்றாமல் குழாய்களைத் திறந்தேன். அதை அவரிடம் சொல்லவில்லை.