சாமியை மலையேற்றிய ஜீப்காரனுக்கு

மச்சான்,

காலையில் போன் ரிப்பேர் கடையைத் திறந்து, ஸ்க்ரூ டிரைவரைத் தேடி இழுப்பறைக்குள் கைவிட்டேன். கைக்கு வந்தது உன் போன். உறையைக் கழற்றியதுதான் தாமதம், கடை முழுக்கக் கற்பூர வாசனை. கடை முழுக்க என்றால் நீ சிரிப்பாய். நாலு பேர் நின்றால் ஐந்தாவது ஆள் ரோட்டில் நிற்க வேண்டிய கடை அது. ஆனாலும் சொல்கிறேன், அந்த வாசனை பஸ் ஸ்டாப்பைத் தாண்டி, கொண்டை ஊசி வளைவெல்லாம் ஏறி, புதூர்நாட்டில் பலாப்பழம் அறுத்துக்கொண்டிருந்தவர்களையும் திரும்பிப் பார்க்க வைத்திருக்கும்.

நீ வைத்த கட்டி எப்போதோ காற்றில் கரைந்துவிட்டது. உறைக்குள் ஒட்டியிருப்பது வாசனை மட்டும். "போன் சூடாவுது மச்சான், இன்னான்னு பாரு" என்று மாதம் தவறாமல் கொண்டுவந்து நீட்டுவாயே. கற்பூரம், விபூதிப் பொட்டலம், காய்ந்த வேப்பிலை என்று முதுகில் ஒரு கோயிலையே கட்டிவிட்டால் போன் சூடாகாமல் குளிர்ந்தா போகும்?

நீ என் தங்கையைக் கட்டியதே என்னோடு பம்பை கேட்கப் போக நிரந்தரமாய் ஒரு சாக்கு வேண்டும் என்றுதான் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. நான் அதை மறுத்ததே இல்லை. ஆடி பிறந்துவிட்டால் நம் இருவருக்கும் வீடு வாசல் கிடையாது. எந்த ஊர் அம்மன் கோயிலில் பம்பை முழங்குகிறதோ அங்கே உன் ஜீப் நிற்கும். ஜவ்வாது மலை தோன்றுவதற்கு முன்பே தோன்றிய ஜீப் அது; இவ்வளவு நாள் ஓட்டிய வண்டிக்கு ஏறிப் பழக ஓர் இடம் வேண்டுமே என்றுதான் மலையே பிற்பாடு வந்தது. நீ ஒடுகத்தூர் பம்பை செட்டின் ரசிகன். நான் கண்ணமங்கலம் செட்டின் ரசிகன். உடுக்கை யாருடையது உசத்தி என்று நாம் போட்ட சண்டையில் வேலூர்க் கோட்டை அகழியில் அலை எழும்பியதாகக் கேள்வி.

அப்படிப்பட்ட வீட்டில் பிறந்த பெண் வேறு என்ன செய்வாள்? சென்னையில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்த உன் மகள் கலைச்செல்வி, வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்றதும் மடிக்கணினியோடு வந்து இறங்கினாள். ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து, "அப்பா, சினிமாப் பாட்டுக்கு நூறு ஆப் கீது. பம்பை கேக்கறவங்களுக்குன்னு ஒண்ணு கூட இல்ல. நாமளே பண்ணலாம்" என்றாள்.

நீ சோற்றைப் பிசைந்தபடி, "அது இன்னாத்துக்கும்மா, ஜீப்ல பென்டிரைவ் கீதே" என்றாய்.

நான்தான் எழுந்து நின்றேன். அந்த நொடியே என்னை நானே நிறுவனராகவும், தலைவராகவும், தலைமை ஆலோசகராகவும் நியமித்துக்கொண்டேன். டீ வாங்கி வரும் பொறுப்பையும் பெருந்தன்மையோடு ஏற்றேன். செயலிக்கு 'அகிலாண்ட பம்பை மகா முழக்க மண்டபம்' என்று பெயர் வைத்தேன். கலை அதைத் திரையில் போட்டுப் பார்த்தாள். 'அகிலா...' என்பதோடு நின்றுவிட்டது.

"யாரு மாமா அகிலா? அத்தைக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

நீ தண்ணீர் புரையேறும்வரை சிரித்தாய். பிறகு, "பம்பைன்னு வை. அது போதும்" என்றாய். அது போதும் என்று எனக்கும் அப்போதே தெரியும். தலைவர் என்பதால் சொல்லவில்லை.

அவள் செய்த முதல் வடிவம் அழகாய்த்தான் இருந்தது. மஞ்சளும் குங்குமமும் கலந்த நிறம், விரல் பட்டால் சிலம்பு ஒலி. நாம் கோயில் கோயிலாய்ப் போய், செட்டுக்காரர்களிடம் அனுமதி கேட்டுப் பிடித்த பாட்டுகளை அவள் மூன்று மூன்று நிமிடமாய் நறுக்கி வைத்திருந்தாள். "இப்ப யாரும் முழுசா கேக்க மாட்டாங்கப்பா. புடிச்சா கேப்பாங்க, இல்லன்னா தள்ளிட்டுப் போய்க்கினே இருப்பாங்க."

உன் முகம் மாறியதை அன்றுதான் பார்த்தேன். "கலை, இது கூப்புட்ற பாட்டும்மா. மொதல்ல அம்மாவ அழைக்கறாங்க, அப்பறம் வர்ணிக்கறாங்க, கடைசில மலையேத்தி அனுப்பறாங்க. கூப்ட்டுட்டு நடுவுல வுட்டுட்டா எப்டி? வூட்டுக்கு வந்தவங்கள வாசல்ல நிக்க வெச்சிட்டு கதவ சாத்தற மாதிரி கீது."

"போன்ல கேக்கறதுக்கு சாமி வருமாப்பா?"

"அது போனுக்குத் தெரியும், சாமிக்குத் தெரியுமா?"

நிறுவனர் என்ற முறையில் நான் மகள் பக்கம் நின்றேன். உலகம் எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறது மச்சான் என்று ஒரு சொற்பொழிவு வேறு.

மறுநாளே உலகம் எங்கே போகிறது என்று தெரிந்துவிட்டது. மலை மேல் எப்படி ஓடுகிறது என்று சோதிக்க, கலை உன் ஜீப்பில் ஏறினாள். நானும் ஏறினேன். வழக்கமாய் வரும் புளி வியாபாரி பாக்கியம் அக்கா, காலி கோணிகளின் மேல் மகாராணி போல் உட்கார்ந்திருந்தாள். போனை ஸ்பீக்கரில் கோத்து, அழைப்புப் பாட்டைப் போட்டோம். பம்பை ஏறியது. வண்டியும் ஏறியது. மூன்றாவது வளைவில் பாக்கியம் அக்காவின் தோள் லேசாய் ஆடியது. ரோடு சரியில்லை என்று நினைத்தேன். நாலாவது வளைவில் அவள் கொண்டை அவிழ்ந்தது. ஐந்தாவது வளைவில் சிக்னல் போய்விட்டது.

பாட்டு நின்றது. திரையில் ஒரு சின்ன வட்டம் சுற்ற ஆரம்பித்தது. சாமி நிற்கவில்லை.

"எங்கடா என் பாட்டு?"

அந்தக் குரலில் ஜீப்பின் நட்டு போல்ட்டெல்லாம் பக்தியோடு ஒரு சுற்று இறுகிக்கொண்டன. கலை திரையைக் காட்டி, "சுத்துதும்மா, வந்துரும்" என்றாள். சாமி அந்த வட்டத்தைச் சிறிது நேரம் உற்றுப் பார்த்தது. பிறகு என் பக்கம் திரும்பியது. "டேய், போன ஆடிக்கு கூழ் ஊத்தறேன்னு சொன்னியே, இன்னா ஆச்சி?" நிறுவனரும் தலைவரும் தலைமை ஆலோசகரும் ஒரே நேரத்தில் சீட்டுக்கு அடியில் ஒளிய முயன்ற காட்சியை அன்று அந்த வளைவு கண்டது.

நீ வண்டியை ஓரம் கட்டினாய். கல் எடுத்து டயருக்கு முட்டுக் கொடுத்தாய். அதைச் செய்யாமல் நீ எந்தச் சாமியிடமும் பேச மாட்டாய். பாக்கியம் அக்காவைக் கைத்தாங்கலாய் இறக்கி நிழலில் நிறுத்தினாய். பிறகு போன் உறையிலிருந்து கற்பூரத்தை எடுத்தாய். யார் பையிலிருந்தோ எலுமிச்சம்பழம் வந்தது. பானெட்டைத் தட்டிக்கொண்டு பாட ஆரம்பித்தாய்.

உன் பாட்டைப் பற்றி உண்மையைச் சொல்லிவிடுகிறேன், இனி நீ கோபித்துக்கொள்ள முடியாது. ஜவ்வாது மலையின் அத்தனை காட்டுப் பன்றிகளும் சேர்ந்து ஒரு சங்கம் அமைத்து, உனக்கு எதிராய்த் தீர்மானம் போட்டிருக்கும். சுருதி ஒரு வளைவில் நின்றால் நீ மறு வளைவில் நிற்பாய். ஆனால் 'வந்த வழி பூத்திருக்கு, போற வழி காத்திருக்கு, போய் வாம்மா' என்று நீ இழுத்தபோது அந்த இடம் அமைதியானது. பானெட் பம்பையாகவே ஒலித்தது. பாக்கியம் அக்கா உள்ளங்கையில் கற்பூரத்தை வாங்கிக்கொண்டாள். தோள் தணிந்தது. கண் திறந்து, "ஏன் வண்டி நிக்குது? சந்தைக்கு நேரம் ஆவுல?" என்று நம்மையே அதட்டினாள்.

வீட்டுக்கு வந்ததும் கலை வாசல்படியில் உட்கார்ந்து, செய்ததையெல்லாம் கலைத்துவிட்டு மறுபடி வரைந்தாள். முழுப் பாட்டும் போனுக்குள் இறங்கிய பிறகுதான் முதல் அடி ஒலிக்கும். நறுக்குவது கிடையாது. நடுவில் யாராவது நிறுத்தினாலும், போன் வந்து தடுத்தாலும், சிறிதாய் ஒரு மலையேற்றுப் பாட்டு ஒலித்துவிட்டுத்தான் செயலி அடங்கும்.

"அவ்ளோ சின்னதா எந்த செட்டும் பாடினது இல்லையே" என்றேன்.

"ஒருத்தர் பாடினாரு, நீங்களும்தான் கேட்டீங்க" என்றாள்.

நீ வெட்கப்பட்டு ஜீப்புக்குள் போய் உட்கார்ந்துகொண்டாய். உன்னை வெளியே வரவைக்க முடியாமல் உன் போனிலேயே, ஜீப்புக்குள்ளேயே பதிவு செய்தோம். கதவைத் தட்டித் தாளம். பாட்டு முடிந்ததும் பதிவு ஓடுவதை மறந்து, "சரி சரி, எல்லாரும் ஏறுங்க, வண்டி கெளம்பணும்" என்று நீ சொன்னதும் அதில் விழுந்துவிட்டது. கலை அதை மட்டும் வெட்டிவிட்டாள்.

செயலி வெளியாகி ஊரெல்லாம் பரவியதும், ஒடுகத்தூர் ரசிகரும் கண்ணமங்கலம் ரசிகரும் ஒரே செயலியை வைத்துக்கொண்டு அடித்துக்கொண்டார்கள். ஆனால் நிறுத்தினால் இரு கட்சிக்கும் உன் குரல்தான். டீக்கடையில், டிராக்டரில், ஆடு மேய்க்கிற இடத்தில், எங்கும் நீ சாமியை வழியனுப்பிக்கொண்டிருந்தாய்.

பிறகு நீ போனாய். வேலமர நிழலில் வண்டியை நிறுத்தி, டயருக்கு முட்டுக் கொடுத்து, ஸ்டியரிங் மேல் தலைசாய்த்தபடி. அதைப் பற்றி எனக்கு மிகைப்படுத்திச் சொல்லத் தெரியவில்லை, மச்சான்.

காரியம் முடிந்து சில நாளிலேயே பேச்சு வந்தது. இறந்தவர் குரலில் சாமியை அனுப்புவது ஆகாது என்று செயலியில் சிலர் எழுதினார்கள். நேரிலும் சொன்னார்கள், கெட்ட எண்ணத்தில் இல்லை, பயத்தில். கலைக்கு வேறு ஒரு கஷ்டம். தெருவில் போனால் மூன்று வீட்டிலிருந்து அப்பா பாடுகிறார். "தாங்க முடியல மாமா" என்று சொல்லிவிட்டு, உன் குரலை எடுத்துவிட்டாள். நல்ல பாடகர் ஒருவரைப் பாடவைத்துப் போட்டாள். சுருதி சுத்தம், தாளம் சுத்தம். உன் தங்கமான மனைவி, அதாவது என் தங்கை, ஒன்றுமே சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாமல் இருந்ததே இல்லை என்பது உனக்குத் தெரியும். உன் போனைக் கொண்டுவந்து, "கடையிலயே இருக்கட்டும்ண்ணா, வூட்ல வெச்சா எடுத்து எடுத்துப் பாக்கத் தோணுது" என்று என் மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். உன் குரல் இனி அந்த இழுப்பறையோடு சரி என்றுதான் நானும் நினைத்தேன்.

வருஷம் திரும்பி, வீட்டில் தடையெல்லாம் கழிந்து, இந்த ஆடி வெள்ளி வந்தது. ஆம், கூழ் ஊற்றினேன். வேலூர் ஜில்லா முழுதும் குடித்தும் மிஞ்சி, பாலாற்றில் வெள்ளம் வந்திருக்கிறது; அணையெல்லாம் கேழ்வரகு நிறம். செட்டுக்காரர்கள் சாயங்காலம்தான் வருவதாய்ச் சொன்னதால், காலையில் மைக் செட்டில் என் போனைக் கோத்துச் செயலியைப் போட்டோம். வந்திருந்த பாக்கியம் அக்காவுக்கு சாமி வந்தது. எல்லாம் ஒழுங்காய்ப் போய்க்கொண்டிருந்தபோது என் போனுக்கு அழைப்பு. "இன்னாங்க, என் சார்ஜர் ரெடியா?" என்று ஒரு வாடிக்கையாளர் மைக்கில் ஊருக்கே கேட்கக் கேட்டார். பாட்டு அறுந்தது. செயலி தன் கடமையைச் செய்தது. புதுக் குரல் மலையேற்றுப் பாட்டைச் சுத்தமாய்ப் பாடி முடித்தது.

சாமி போகவில்லை.

"இது யாரு?" என்றது. "என்ன எறக்கி வுட்ற ஜீப்காரன் எங்க?"

கூட்டத்தில் சிலர் தலை குனிந்தார்கள். கலை என்னைப் பார்த்தாள். நான் கூழ்க் குண்டானைப் பார்த்தேன். பின்வரிசையில் வேப்பமரத்தை ஒட்டி நின்றிருந்த என் தங்கை முன்னால் வந்தாள். ஒரு வருஷமாய் அடைத்துவைத்த குரல்.

"அண்ணா, நீ கடைக்குப் போய் அவரு போன எடுத்துனு வா. கலை, அப்பாவப் போடும்மா. அவரு இருந்தப்பவும் வூட்ல இருந்ததவிட ரோட்லதான் இருந்தாரு. ரோட்லயே இருக்கட்டும்."

ஓடினேன். என் தொப்பையோடு நான் ஓடியதைப் பார்த்த திருப்பத்தூர் பஸ், மரியாதைக்கு நின்று வழிவிட்டது. உன் போனைக் கோத்தோம். வெட்டாத பதிவு. கதவைத் தட்டும் சத்தம், உன் இருமல், பிறகு அந்தக் கோணல் சுருதி. பாக்கியம் அக்கா கண் மூடி முழுதும் கேட்டாள். முடிவில், 'சரி சரி, எல்லாரும் ஏறுங்க, வண்டி கெளம்பணும்' என்று நீ அதட்டியதும், தோள் தணிந்து அப்படியே உட்கார்ந்தாள். என் தங்கை சிரித்தாள், மச்சான். அழுதுகொண்டேதான், ஆனால் சிரித்தாள்.

பிற்பாடு கூழ் குடித்துக்கொண்டிருந்த பாக்கியம் அக்காவிடம், "நெஜமா சாமிதான் கேட்டுச்சா?" என்றேன்.

"எனக்கு இன்னா தெரியும்? எனக்கு நெனப்பே இல்ல" என்றாள். பிறகு செம்பை நீட்டி, "கேட்டது தப்பா? இன்னும் கொஞ்சம் ஊத்து" என்றாள்.

கலை அன்றே உன் குரலைத் திரும்பப் போட்டாள். இந்த முறை கடைசி வரியை வெட்டவில்லை. ஆகாது என்று சொன்னவர்களும் இப்போது பாட்டு அடங்கியதும், 'ஏறுங்கப்பா, வண்டி கெளம்புதாம்' என்று ஒருவரையொருவர் கிண்டல் செய்கிறார்கள்.

என்னைப் பற்றியும் ஒரு சேதி. சாயங்காலம் கடை சாத்துமுன் கண்ணமங்கலம் செட்டைப் போடுகிறேன். உலகத்திலேயே சிறந்த உடுக்கை. இதில் மட்டும் நான் மிகைப்படுத்தவில்லை. உடுக்கை உச்சத்துக்கு ஏறும்போது, எந்த ரசிகனும் செய்யக் கூசும் காரியத்தைச் செய்கிறேன். வேண்டுமென்றே நடுவில் நிறுத்துகிறேன்.

நீ பாடுகிறாய். எல்லாரையும் ஏறச் சொல்கிறாய். நான் ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டுக்குக் கிளம்புகிறேன்.