என் கணவர் சிறையில் இருப்பது என் வார்த்தைகளுக்காக

அனுப்புநர்:
கெசையா ட்வைனிங்,
க/பெ எலிஃபலெட் ட்வைனிங், பீப்பாய்த் தச்சர்,
பெல்டன் மில்ஸ் கிராமம், வில்லோபி கவுண்டி,
மாசசூசெட்ஸ்.

பெறுநர்:
மாண்புமிகு நீதிபதி அவர்கள்,
வில்லோபி கவுண்டி நீதிமன்றம்.

பொருள்: குற்றப்பத்திரிகை இன்றி நாற்பது நாளாக அடைக்கப்பட்டுள்ள என் கணவரை விடுவிக்க, அல்லது என்னையும் அவரோடு விசாரிக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. கடந்த பிப்ரவரி 2 அன்று எங்கள் ஊர் மாவு ஆலையில் கேப்டன் ஹாலம், பிரான்சோடு போர் மூளும் என்று சொல்லி, புதிய பட்டாளத்துக்கு ஆள் சேர்க்கும் அறிவிப்பை வாசித்தார். கூட்டத்தில் நின்ற என் கணவர், "பிரெஞ்சுக்காரன் கடல்ல இருக்கான். பட்டாளத்தை எதுக்கு நம்ம வயல்ல நிறுத்துறீங்க? பயமுறுத்த வேண்டியது அவனையா, எங்களையா?" என்று கேட்டார். ஊர் சிரித்தது. கேப்டன் சிரிக்கவில்லை.

2. பிப்ரவரி 6 அன்று நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஆறு சிப்பாய்கள் உள்ளே வந்தார்கள். பிடியாணையைக் கேட்டேன். "அதெல்லாம் அப்புறம் வரும்மா" என்றார் சார்ஜென்ட். இன்றுவரை வரவில்லை. என் கணவரோடு எங்கள் வீட்டுப் பஞ்சாங்கத்தையும் சாட்சிப் பொருள் என்று எடுத்துச் சென்றனர். அதன் கடைசிப் பக்கங்களில் அச்சாகியிருந்தது நம் அரசியல் சட்டம். போரை அறிவிக்கும் அதிகாரம் மக்கள் பிரதிநிதிகளின் பேரவைக்கே உரியது என்ற வரியில் என் கணவர் பென்சிலால் கோடிட்டிருந்தார். அந்தக் கோடுதான் குற்றம் என்றால் அதையும் எழுத்தில் தெரிவிக்குமாறு வேண்டுகிறேன்.

3. என் கணவர் பத்தொன்பது வயதில் இங்கிலாந்து அரசரின் படையை எதிர்த்துப் போரிட்டவர். பனியில் கால் விரல்கள் மூன்றை இழந்தவர். பட்டாளம் என்றால் என்னவென்று அறியாமல் பேசியவர் அல்லர். இந்தக் குடியரசை அமைத்தவர்கள் ஆள்வோரை நம்பி அரசியல் சட்டத்தை எழுதவில்லை, ஐயப்பட்டு எழுதினார்கள். அந்த ஐயத்தைத்தான் என் கணவர் ஆலையில் வாய்விட்டுச் சொன்னார்.

4. அரசை இழித்துரைப்பது குற்றம் என்று சென்ற ஆண்டு சட்டம் வந்ததை அறிவேன். பேசியது உண்மை என்று நிரூபிக்கவும், ஜூரியின் முடிவைக் கேட்கவும் அச்சட்டமே உரிமை தருகிறது. என் கணவருக்கு ஜூரியும் இல்லை, குற்றச்சாட்டும் இல்லை. இருப்பது மன்னிப்புக் கடிதம் ஒன்றுதான். கையொப்பமிட்டால் அன்றே விடுதலை என்கிறார்கள்.

5. நானே அக்கடிதத்தை எடுத்துக்கொண்டு போய் அவரைக் கெஞ்சினேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. பிள்ளைகள் நால்வர், கடைசிக் குழந்தைக்குக் காய்ச்சல். கம்பிக்குப் பின்னாலிருந்து அவர் சொன்னது: "கெசையா, கையெழுத்துப் போட்டா இன்னிக்கே வந்துடுவேன். ஆனா வந்தவன் யாருன்னு நீயே கேப்ப." வெளியே வந்து கடிதத்தைக் கிழித்தேன். அரசின் தாளைக் கிழித்ததையும் என் குற்றங்களில் சேர்த்துக்கொள்ளலாம்.

6. தங்கள் விசாரணைக்குத் தேவையான உண்மை இன்னொன்று உண்டு. ஆலையில் பேசப்பட்ட அவ்வார்த்தைகள் என்னுடையவை. முந்தைய நாள் ரொட்டி சுடும்போது நான் சொன்னவற்றை அவர் ஓர் எழுத்தும் மாற்றாமல் திருப்பிச் சொன்னார். மார்ச் 10, ஞாயிறு வழிபாடு முடிந்ததும் தேவாலய வாசலில் கேப்டன் முன்னிலையில் அவற்றை மீண்டும் உரக்கச் சொன்னேன். கேப்டன், "பொம்பளைப் பேச்சுக்கெல்லாம் வழக்குப் போட முடியுமாம்மா? வீட்டுக்குப் போங்க" என்றார். திருமதி சப்மிட் டோரன்ஸ், மூப்பர் ஜபெஸ் கூலி ஆகியோர் சாட்சி.

7. ஒரே வாக்கியம் ஆண் சொன்னால் அரசைக் கவிழ்க்கும், பெண் சொன்னால் காற்றில் போகும் என்று எந்தச் சட்டத்தில் உள்ளது?

ஆகவே என் கணவரை விடுவிக்க வேண்டும். இல்லையேல் ஜூரியின் முன் நிறுத்தி, முதல் குற்றவாளியாக என் பெயரை எழுத வேண்டும். கருணை கேட்டு இதை எழுதவில்லை. பிள்ளைகளை என் தமக்கை வீட்டில் விட்டுவிட்டேன். வரும் வெள்ளிக்கிழமை, 22ஆம் தேதி காலை பத்து மணிக்கு, கம்பளி ஒன்றை எடுத்துக்கொண்டு நீதிமன்ற வாசலில் நிற்பேன். அவரை அழைத்துப் போகவா, அவரோடு தங்கவா என்பதைத் தாங்கள் முடிவுசெய்யலாம்.

இடம்: பெல்டன் மில்ஸ்
நாள்: 18 மார்ச் 1799

எவருடைய வற்புறுத்தலுமின்றி, என் கையாலேயே எழுதியது,
கெசையா ட்வைனிங்